"அவனுங்க" என்று சொல்லிக் கொடுத்தது யார்?

மெல்பர்னின் மேற்குப் புறநகரான டார்னெய்டில் இரவு எட்டு மணிக்கு எந்தத் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். அடுப்பில் தோசைக்கல். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் பிள்ளை கணக்குப் பாடம் செய்துகொண்டிருக்கிறது. தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. யாரோ ஒருவர் வீட்டு வாசல் கேமராவில் பதிவானது. ஹூடி போட்ட இரண்டு பையன்கள் கதவுப் பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்தத் தெரு, எந்தத் தேதி, ஒன்றும் இல்லை. கீழே, "எல்லாரும் ஜாக்கிரதை, நம்ம ஏரியாவுலதான் சுத்துறாங்க." அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்து இரண்டாம் முறை பார்க்கிறார். அம்மா எட்டிப் பார்த்து, "அவனுங்களேதான்" என்கிறார். அடுத்த நிமிடம் அந்த வீடியோ பள்ளிப் பெற்றோர் குழு, ஊர்க்காரர் குழு, கோயில் குழு என்று மூன்று இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. பிள்ளை தலை நிமிரவில்லை. ஆனால் பென்சில் நின்றுவிட்டது.

"அவனுங்க" என்றோமே, அது யார் என்று பிள்ளை நம்மிடம் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பையனின் நிறமும் உயரமும் அந்த வீடியோவில் உள்ளவனைப் போலவே இருந்தால், நாளைக் காலை நம் பிள்ளை எந்த முகத்தோடு அவன் பக்கத்தில் போய் உட்காரும்?

நம் எண்ணத்தில் குறையில்லை. வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டு, நகரின் சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு ரயிலில் நின்றபடியே போய் வந்து, இத்தனையும் பிள்ளைகளுக்காகத்தான் செய்கிறோம். கார் திருட்டும், ஆள் இருக்கும்போதே வீடு புகுவதும் கட்டுக்கதைகள் அல்ல. 2025 செப்டம்பர் 1 முதல் விக்டோரியாவில் நீள வெட்டுக்கத்தி வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் போடும் நிலைமை வந்திருக்கிறது. அதனால் பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பயத்தை எந்த வடிவத்தில் பிள்ளைகளின் தலையில் இறக்கி வைக்கிறோம் என்பதுதான் என் கவலை. நானும் இந்தக் குழுக்களில்தான் இருக்கிறேன். என் வீட்டு மேஜையிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

நம்மில் பலர் இங்கே மனை வாங்கி வருவதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015 ஜூனில் டார்னெய்ட் ரயில் நிலையம் திறந்தபின் மேய்ச்சல் நிலமெல்லாம் வீடுகளாகின. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த ஒரு புறநகரில் மட்டும் 56,000 பேருக்கு மேல். இடையில், 2017 கடைசியில், இங்குள்ள ஈகோவில் குடியிருப்பின் சமூகக் கட்டடம் அடித்து நொறுக்கப்பட்டது. சுவர்களில் ஒரு கும்பலின் பெயர் கிறுக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சி வண்டிகள் வந்து நின்றன. உடைந்த கண்ணாடியும் கிறுக்கிய சுவரும் நாடு முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. 'ஆப்பிரிக்கக் கும்பல்கள்' என்ற சொல் தலைப்புகளில் ஏறியது. 2018 ஜனவரி முதல் வாரத்தில் அன்றைய உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன் சிட்னி வானொலியில் பேசும்போது, மெல்பர்ன்காரர்கள் ராத்திரியில் ஓட்டலுக்குச் சாப்பிடப் போகவே பயப்படுகிறார்கள் என்றார். அந்த வருடம் நவம்பர் 24-ல் நடந்த மாநிலத் தேர்தல் வரைக்கும் இதுவே பேச்சு. சட்டம் ஒழுங்கை முன்வைத்துப் பிரசாரம் செய்த எதிர்க்கட்சி அந்தத் தேர்தலில் படுதோல்வி அடைந்தது. கேமராக்கள் வேறு கதை தேடிப் போய்விட்டன.

அந்தக் கெட்ட பெயர் மட்டும் டார்னெய்டின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. தெற்கு சூடான் குடும்பங்களின் பிள்ளைகள் மேலும் ஒட்டிக்கொண்டது. பட்டமளிப்பு அங்கியோடும் ஆஸ்பத்திரிச் சீருடையோடும் தங்கள் படங்களை எடுத்து, அதே 'ஆப்பிரிக்கக் கும்பல்' என்ற சொல்லை அடையாளமாகப் போட்டு இணையத்தில் பகிர்ந்தார்கள் அந்த இளைஞர்கள். நாங்களும் மனிதர்கள்தான் என்று படம் போட்டுக் காட்டவேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கு வரலாம்? குற்றப் புள்ளிவிவரத்தையும் மறைக்க வேண்டாம். மக்கள்தொகையில் உள்ள பங்கைவிடக் குற்றக் கணக்கில் சூடானில் பிறந்தவர்களின் பங்கு அதிகமாக இருந்தது உண்மை. விக்டோரியாவின் மொத்தக் குற்றவாளிகளில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள், பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டில் முதல் உண்மை மட்டும் நம் வீட்டுக்குள் வந்தது.

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை இரவு, நமக்கு அதிக தூரமில்லாத காபிள்பேங்கில் 12 வயதும் 15 வயதுமான இரண்டு பையன்கள் கூடைப்பந்து விளையாடிவிட்டு வீடு திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இருவரும் தெற்கு சூடான் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த இருவருக்கும் எந்தக் கும்பலோடும் தொடர்பு இருந்ததாக ஆதாரமில்லை என்று போலீஸ் சொன்னது. செய்தி நம் குழுக்களுக்கு வந்தபோது நமக்குள் முதலில் எழுந்தது எந்தக் கேள்வி? 'எந்த கேங்க்?' என்பதா, இல்லை 'அந்த அம்மாக்கள் எப்படித் தாங்குவார்கள்?' என்பதா? இந்தக் கத்திகளுக்கு நம்மைவிட அதிகம் பயந்து, பிள்ளை வரும்வரை வாசலிலேயே நிற்பவர்கள் அந்தத் தெற்கு சூடான் பெற்றோர். அவர்கள் நம் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, சனிக்கிழமை ஃப்ரெண்டு வீட்ல பர்த்டே பார்ட்டி, போகட்டுமா?" என்கிறது. நம் முதல் கேள்வி, "யாரு? இந்தியனா?" இல்லை என்றால் அடுத்தது, "அப்ப எந்த ஊர்க்காரங்க?" பதிலைக் கேட்டதும் ஒரு சின்ன மௌனம். பிறகு, "அன்னிக்கு உனக்கு தமிழ்ப் பள்ளி இருக்கே", "அப்பாவுக்கு வேலை இருக்கு", "அடுத்த தடவை பார்க்கலாம்." முகத்துக்கு நேராக மறுப்பதில்லை, அது நம் பழக்கமும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் அது புரிந்துவிடுகிறது. இன்னும் இரண்டு அழைப்புக்குப் பிறகு அது நம்மிடம் கேட்பதையே நிறுத்திவிடும். அதன் பிறகு அதற்கு யார் நண்பன், எங்கே போகிறது, யாரோடு பேசுகிறது என்பது நமக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக என்று நினைத்துச் செய்தது, பிள்ளை நம்மிடம் உண்மை சொல்லும் வழியை அடைத்துவிட்டது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா?

அதே 2025-ல், ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை, சிட்னி, மெல்பர்ன் உட்பட நாடெங்கும் குடியேற்றத்துக்கு எதிரான ஊர்வலங்கள் நடந்தன. அதற்காக இணையத்தில் சுற்றிய துண்டறிக்கை பெயர் சொல்லிக் குறிவைத்தது இந்தியர்களைத்தான். நூறு ஆண்டில் வந்த கிரேக்கர்கள், இத்தாலியர்களைவிட ஐந்தே ஆண்டில் வந்த இந்தியர்கள் அதிகம் என்றது அது. சில நாளில் செனட்டர் ஜசிந்தா பிரைஸ் இந்தியர்களின் குடியேற்றத்தையும் அவர்கள் போடும் ஓட்டையும் முடிச்சுப் போட்டுப் பேசி, அது பெரிய சர்ச்சையாகி, எதிர்க்கட்சியின் முன்வரிசைப் பொறுப்பை இழந்தார். அந்த ஞாயிறு நம் வீடுகளில் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். சிட்டிப் பக்கம் போகாதே. ரயிலில் போனில் தமிழில் சத்தமாகப் பேசாதே. யாராவது ஏதாவது சொன்னால் பதில் பேசாமல் இறங்கிவிடு. பன்னிரண்டு வயதுப் பெண் நெற்றியில் இருந்த பொட்டைத் தானாகவே எடுத்துவிட்டுக் கிளம்பினாள் என்று ஒரு அம்மா சொன்னபோது அங்கிருந்த யாருக்கும் பேச்சு வரவில்லை.

நம்மைப் பற்றி அந்தப் படத்தை வரைந்தவர்கள் நம்மில் ஒருவரோடுகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். ஒரு வீடியோ, ஒரு எண்ணிக்கை, ஒரு 'இவனுங்க'. அவ்வளவு போதுமாக இருந்தது. நாம் அனுப்புகிற வீடியோவில் வேறென்ன இருக்கிறது?

இப்படிப் பெயர் கெடுவது தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த அடிதடிகளைத் தமிழ்நாட்டில் நடந்ததாகச் சொன்ன வீடியோக்கள் அவை. பீகார் அரசு விசாரிக்க ஒரு குழுவையே அனுப்பியது. பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். அன்று நமக்கு எவ்வளவு கோபம் வந்தது!

2018-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் டார்னெய்ட் தலைப்புச் செய்தி. பிப்ரவரி கடைசியில் இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் ஒருவர் தன் கறிக் குழம்பில் ஒரு மாவுக் கட்டியைப் பார்க்கிறார். சிங்களவர்களைக் கருத்தரிக்காமல் செய்ய முஸ்லிம்கள் சாப்பாட்டில் மாத்திரை கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு வதந்தி ஃபேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் கூடுகிறார்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார்கள். சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் பயத்தில் ஏதோ சொல்ல, அதையே ஒப்புதல் என்று படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பரிசோதனையில் அது வெறும் மாவு என்று வந்தது. அதற்குள் கண்டி மாவட்டத்தில் திகன பக்கம் வேறொரு சண்டையில் அடிபட்டவர் இறந்துபோக, மார்ச் முதல் வாரத்தில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரநிலை அறிவித்து, ஃபேஸ்புக்கையும் வாட்ஸப்பையும் சில நாள் முடக்கினார்கள். நம்மிடையே இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு வதந்தி ஒரு தெருவை என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் வருகிறது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயதுப் பெண்மணி அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸப் செய்தி அப்போது வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவை ஊரே கூடி அடித்துக் கொன்றது. அடித்தவர்களும் பெற்றோர்கள்தான். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அடித்தார்கள். வந்த ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது அதே ஆண்டு ஜூலையில்தான்.

ஆஸ்திரேலியாவில் அப்படியெல்லாம் நடக்காது என்று நினைக்கிறோமா?

2024 ஏப்ரல் 13, சிட்னி பாண்டை ஜங்ஷன் வணிக வளாகத்தில் ஒருவன் கத்தியால் குத்தி ஆறு பேரைக் கொன்றான். சம்பந்தமே இல்லாத ஒரு 20 வயது மாணவரின் பெயரையும் படத்தையும் போட்டு, இவன்தான் கொலையாளி என்று இணையத்தில் பரப்பினார்கள். மறுநாள் காலை செவன் தொலைக்காட்சியே அந்தப் பெயரைச் சொன்னது. பிறகு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. அந்தக் கொலைகள் நடந்து இரண்டு நாள் கழித்து, மேற்கு சிட்னியின் வேக்லியில் தேவாலய ஆராதனை நேரலையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பிஷப் ஒருவர் குத்தப்பட்டார். குத்தியவன் 16 வயதுப் பையன். நேரலையைப் பார்த்தவர்களும் செய்தி கேட்டவர்களும் தேவாலயத்தைச் சூழ்ந்துகொள்ள, போலீஸ்காரர்கள் காயம்பட்டார்கள், வண்டிகள் உடைந்தன.

2025 டிசம்பர் 14, ஞாயிறு மாலை, பாண்டை கடற்கரையில் ஹனுக்கா விழாவுக்குக் கூடியிருந்த யூதர்கள்மேல் தந்தையும் மகனுமாக இருவர் சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். அன்றிரவே, சுட்டவனின் பெயரைத் தாங்கிய வேறொருவரின் படம் ஆயிரக்கணக்கான கைப்பேசிகளுக்குப் போனது. அது நான் இல்லை, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று அந்த மனிதர் வீடியோ போட்டுக் கெஞ்ச வேண்டியதாயிற்று. துப்பாக்கியைப் பிடுங்கிப் பல உயிர்களைக் காப்பாற்றியவர் சிரியாவிலிருந்து வந்த அகமது அல் அகமது. அவருக்குப் பதிலாக, இல்லாத ஒரு ஆங்கிலப் பெயரை உருவாக்கி, அவர்தான் காப்பாற்றினார் என்று ஒரு போலி இணையதளம் எழுதியது. அதையும் பகிர்ந்தார்கள்.

சிட்னியின் துங்காபியிலும் வென்ட்வொர்த்வில்லிலும் அன்றிரவு தமிழ் வீடுகளில் பிள்ளைகள் தூங்கவில்லை. நம் பக்கமும் தூங்கவில்லை. பெரியவர்கள் ஒரு அறையில் வீடியோக்களைப் பார்த்தோம். பிள்ளைகள் அவர்கள் அறையில் அதே வீடியோக்களைப் பார்த்தார்கள். அடுத்த நாள் காலை நம்மில் எத்தனை பேர் பிள்ளையை உட்காரவைத்து, நேற்று என்ன பார்த்தாய், எது உன்னைப் பயமுறுத்தியது என்று கேட்டோம்?

இந்த இடத்தில் எனக்குள்ள பெரிய கவலையைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் பொய்யை நம்பிவிடுவார்கள் என்பதல்ல அது. எதையுமே நம்ப மாட்டார்கள் என்பதுதான். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள். தோளைக் குலுக்கிக்கொண்டு, "எல்லாமே ஃபேக்தான் பா" என்று போய்விடும். அப்பாவின் வீடியோ பொய், டிவி சொன்ன பெயர் பொய், ஏஐ செய்த படம் பொய், அப்படியென்றால் உண்மை எங்கே இருக்கிறது என்று தேடுவதே வீண் என்று முடிவு கட்டிவிட்டது அது. கன்பரா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் 2024-ல் ஆஸ்திரேலியர்களில் நாலில் மூன்று பேர் இணையத்தில் எது உண்மை, எது பொய் என்று தெரியாமல் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு அது கவலை. அந்தக் கவலைகூட இல்லாமல் வளரும் பிள்ளை நாளை ஓட்டுப் போடப் போகும்போது எதை வைத்து முடிவு செய்யும்? தடுப்பூசி போடச் சொல்லும் டாக்டரை எதை வைத்து நம்பும்?

2025 டிசம்பர் 10-ம் தேதி 16 வயதுக்குட்பட்டவர்களுக்கான சமூக ஊடகத் தடை நடைமுறைக்கு வந்தபோது நம்மில் பலருக்கு நிம்மதி. டிக்டாக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், யூடியூப் என்று பிள்ளைகளின் கணக்குகள் மூடப்பட்டன. தடையை மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி டாலர் வரை அபராதம். சரிதான், நானும் வரவேற்றேன். ஆனால் அந்தப் பட்டியலில் வாட்ஸப் இல்லை. பெரியவர்கள் யாருக்கும் தடை இல்லை. இரவு ஒன்பதரைக்குப் பிள்ளையின் கைப்பேசியை வாங்கி மேலே வைத்துவிட்டு, நாம் சோபாவில் சாய்ந்து ஊர் அரசியல் யூடியூப் சேனலைப் போடுகிறோம். தலைப்பில் சிவப்பு எழுத்து, நான்கு ஆச்சரியக்குறி, உள்ளே இருபது நிமிடக் கத்தல். அது முடிந்ததும் அதே போன்ற இன்னொன்று தானாகவே வருகிறது. கோபம் வரும் வீடியோவைக் கடைசிவரை பார்ப்போம் என்று அந்தச் செயலிக்குத் தெரியும். பிள்ளைக்கு ஆபத்து என்று எதைச் சொல்லி வாங்கி வைத்தோமோ, அதையே பிள்ளையின் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கத்தலின் விளைவை நம் விழாக்களில் பார்க்கலாம். பொங்கல் விழாவில் ஒரே மேஜையில் உட்காராத குடும்பங்கள் எத்தனை? காரணம் கேட்டால், குழுவில் யாரோ எந்தத் தலைவரைப் பற்றியோ போட்ட ஒரு மீம். நாலு வருடம் ஒன்றாகச் சறுக்குமரம் விளையாடிய பிள்ளைகள், "இனி அவங்க வீட்டுக்குப் போக வேணாம்" என்ற ஒரே வரியில் பிரிக்கப்பட்டுவிட்டார்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கட்சிச் சண்டையில் இங்கே நண்பனை இழப்பது ஏழு வயதுப் பிள்ளை. அதற்கு நாம் என்ன காரணம் சொன்னோம்?

வெளியார்மேல் மட்டுமல்ல, நமக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்புவதில்லை என்பதைப் பிள்ளைகள் வேறொரு இடத்தில் இன்னும் நெருக்கமாகப் பார்க்கிறார்கள். செலெக்டிவ் அரசுப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு. விக்டோரியாவில் அப்படி நான்கு பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கை, அதில் ஒன்று நமக்குப் பக்கத்தில் வெரிபீயிலேயே உள்ள சூசன் கோரி. ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பிலிருந்து பொதுவாக நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வேறு. உடனே கணக்குப் போட்டுவிடுகிறோம்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் நம் பிள்ளை இழக்கும் இடம். முருகன் கோயிலில், சன்ஷைன் நார்த்தில், பிரசாதத் தட்டோடு நிற்கும்போது ஒரு அம்மா கேட்கிறார், "உங்க பொண்ணு எங்கங்க கோச்சிங் போறா?" "அய்யோ, கோச்சிங்லாம் இல்லைங்க, அவளாதான் படிக்கிறா." பக்கத்தில் நிற்கும் பெண் வாரத்துக்கு மூன்று நாள் கோச்சிங் போகிறாள். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வரும் வழியிலேயே காரில் அவளுக்குச் சொல்லியாகிவிட்டது: யார் கேட்டாலும் சொல்லாதே.

படிப்பின் பாரம் ஒன்று. அதோடு பொய்யைக் காக்கும் பாரம் இன்னொன்று. பதின்மூன்று வயதில் இதையும் சேர்த்து அவள் சுமக்கிறாள். வீட்டில் நடப்பதை வெளியே சொல்லாதே, வெளியில் கேட்பதை நம்பாதே என்றே வளர்த்துவிட்டு, பெரியவளானதும் நம்மிடம் மட்டும் எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசுவாள் என்று எப்படி எதிர்பார்க்கிறோம்?

இன்னொரு வீட்டுக் காட்சி. பாட்டி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருக்கிறார். காலையில் ஒரு வீடியோவைக் காட்டுகிறார். ஏதோ ஒரு கீரைச் சாறு சர்க்கரை நோயை ஒரே வாரத்தில் குணமாக்குமாம், பெரிய டாக்டரே சொல்கிறார். பேரன் பார்த்துவிட்டு, "பாட்டி, இது ஏஐ. வாயும் சத்தமும் சேரலை பாருங்க" என்கிறான். பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே வந்திருக்கிறது என்று கேள். அவன் கேட்டான், கண்டுபிடித்தான். நாம் என்ன செய்தோம்? "பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாதே" என்று அடக்கினோம். அந்தச் சாறும் மறுநாள் மிக்ஸியில் அரைபட்டது. பாட்டி தன் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று பேரன்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்த வேலையைச் செய்யக்கூடாது என்று சொன்னால், அந்தப் பிள்ளை அதை எத்தனை நாள் செய்யும்?

முன்பு இந்த ஊர்ச் செய்தியைச் சரிபார்க்கச் சில இடங்கள் இருந்தன. மெல்பர்ன் புறநகர்களில் வீட்டு வாசலில் வந்து விழுந்த லீடர் வார இதழ்கள் 2020-ல் அச்சில் நின்றுபோயின. அந்த வெற்றிடத்தில்தான் பேரில்லாத ஃபேஸ்புக் பக்கங்களும் நம் குழுக்களும் வந்து உட்கார்ந்தன. இருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. போலீஸின் அறிவிப்பு இணையத்தில் இருக்கிறது, ஏபிசி இருக்கிறது, நம் மொழியில் எஸ்பிஎஸ் தமிழ் இருக்கிறது. நம் பகுதிக்கான விண்டம் நகர மன்றத்தின் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். தெருவிளக்கு எரியவில்லை, பூங்காவில் ராத்திரியில் பயமாக இருக்கிறது என்றால் அங்கே கேட்கலாம். குழுவில் ஐம்பது செய்தி போடும் நேரத்தில் ஒரு முறை போய் வந்துவிடலாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

அடுத்த முறை அந்தப் பிறந்தநாள் அழைப்பு வரும்போது, எந்த ஊர்க்காரர்கள் என்று பிள்ளையிடம் கேட்பதற்கு முன் அந்த வீட்டு அம்மாவின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடட்டும், யார் யார் இருப்பார்கள், என் பிள்ளைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் இதே கேள்விகள்தான் வரும்.

குழு நிர்வாகிகளாக இருக்கும் அப்பா அம்மாக்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். தெருவும் தேதியும் இல்லாத வீடியோவைக் குழுவில் வைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே போனது பொய் என்று தெரிந்தால், அது எத்தனை குழுவுக்குப் போனதோ அத்தனையிலும் திருத்தம் போகட்டும், வீட்டில் பிள்ளை பார்க்கும்படி. யாரோ ஒருவர் கட்டாயம் சண்டைக்கு வருவார். பெரும்பாலும் அவர் நம் நெருங்கிய நண்பராகவே இருப்பார். அவரிடமும் தேதியைக் கேளுங்கள்.